ஒற்றும் மறையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளின் எவ்வதிகாரத்தையேனும் இன்றைய உலகோடு பொருத்திப் பேசலாம் என்று எனக்கு உரிமை தந்தீர்கள். நான் எடுத்துக்கொண்டது பொருட்பாலில் உள்ள 59ஆம் அதிகாரமாகிய ஒற்றாடல். மேடைகளில் அன்புடைமையும் இனியவை கூறலும் கல்வியும் பேசப்படும் அளவிற்கு இவ்வதிகாரம் பேசப்படுவதில்லை. ஒற்றன் என்றதும், அது முடியரசர் காலத்துச் செய்தி, குடியரசுக் காலத்தில் நமக்கு அதனால் ஆவது என்ன என்று கடந்து போய்விடுகின்றோம். ஆயின் 1927இல் லண்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் 2017இல் வாஷிங்டனில் நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அருகருகே வைத்து நோக்கினால், இவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் அவ்விரண்டிற்கும் எழுதிய விளக்கவுரை போலவே தோன்றுகின்றது. நாட்டின் தலைமையில் இருப்பவர், நம்பிக்கையின்பேரில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மந்தணச் செய்தியை எவ்வாறு கைநழுவ விடுகின்றார், அதனால் இழப்பெய்துவோர் யார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

ஒற்று என்னும் சொல்

கவிஞர்கள் நிறைந்த அவை இது. ஆதலின் சொல்லிலிருந்தே தொடங்குகின்றேன். ஒற்று என்பதற்கு வேவு பார்ப்பவன் என்பது ஒரு பொருள். புள்ளி பெற்ற மெய்யெழுத்து என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அமைந்தது தற்செயலாக இருக்கலாம். எனினும் யாப்பு அறிந்தவர்க்கு அதில் ஓர் அழகு தெரியும். ஒற்று தனித்து அசையாவதில்லை. முன்னுள்ள எழுத்தை அடுத்தே நிற்கும். கட்டளைக் கலித்துறையில் அடிக்கு எழுத்தெண்ணும்பொழுது, நேரசையில் தொடங்கினால் 16, நிரையசையில் தொடங்கினால் 17 என்று எண்ணுகின்றோம். அக்கணக்கில் ஒற்றை நீக்கிவிடுகின்றோம். ஆனால் எண்ணிக்கையில் வாராத அவ்வொற்றைச் சொல்லிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 'பட்டு' என்பது நேர் நேர். ஒற்றை எடுத்தால் 'படு' ஆகி நிரையாகிவிடும். அசையும் மாறிற்று, பொருளும் மாறிற்று. கணக்கில் வாராமல் இருந்துகொண்டே கட்டடத்தைத் தாங்குவது ஒற்று. அரசியல் ஒற்றின் இயல்பும் அதுவே. அவன் பெயர் எப்பட்டியலிலும் இராது. அவன் இல்லையேல் அரசனின் பார்வை குறைபடும்.

ஒற்றரையும் புகழமைந்த அறநூலையும் அரசனின் இரு கண்களாகக் கூறித் தொடங்கும் வள்ளுவர், ஒற்றனின் தோற்றம், துணிவு, துறவுக் கோலம், ஓர் ஒற்றன் உரைத்ததை மற்றோர் ஒற்றனால் ஒப்பிட்டுத் தெளிதல் எனப் படிப்படியாகச் சென்று, பத்தாம் குறளில் அரசனின் பக்கமே திரும்பி நிற்கின்றார். ஒற்றனுக்குப் பலரறியச் சிறப்புச் செய்யாதே. செய்தால், மறைவாக இருந்ததை வெளிப்படுத்தியவன் நீயே ஆவாய் என்பது அதன் கருத்து. இவன் யார், இவனுக்கு இப்பரிசு எதன்பொருட்டு என்று கண்டவர் வினவுவர். வினாவுக்கு விடையையும் அவர்களே கண்டுபிடித்துக்கொள்வர் என்று உரை வகுத்தோர் காரணம் காட்டுவர்.

இங்கே ஒரு நுட்பத்தை உணர்தல் வேண்டும். அரசன் செய்தி எதனையும் வெளியிடவில்லை. ஒற்றன் கொணர்ந்தது என்ன என்று அவன் வாய் திறக்கவில்லை. மகிழ்ச்சியில் ஒரு பரிசு தந்தான், அவ்வளவே. ஆயினும் மறை வெளிப்பட்டது. அவ்வாறாயின் மறை என்பது செய்தி மட்டுமன்று. செய்தி வந்த வழியும் மறையே. இன்னும் சொல்லப்போனால் வழியே பெரிய மறை. கிணற்றில் இன்று இறைத்த நீர் இன்றே தீர்ந்துவிடும், அதனால் கேடில்லை. ஊற்றுக்கண் தூர்ந்துவிட்டால் கிணறே பாழ். ஒற்றன் கொணர்ந்த செய்தி இறைத்த நீர். அவன் சென்றுவந்த வழி ஊற்றுக்கண். தலைவர்கள் செய்த பிழைகளை ஆராய்ந்தால், நீரைப் பெருமையோடு எடுத்துக்காட்டும் வேகத்தில் ஊற்றுக்கண்ணை மிதித்துவிட்டார்கள் என்பது தெரியவரும்.

லண்டன், 1927

1927ஆம் ஆண்டு மே திங்கள் 12ஆம் நாள், லண்டன் மூர்கேட் பகுதியில் இருந்த ஆர்காஸ் என்னும் சோவியத் வணிக நிறுவனத்தின் அலுவலகத்திற்குள் காவலர்கள் பெருங்கூட்டமாகப் புகுந்தனர். பிரிட்டிஷ் இராணுவத்திற்குரிய ஆவணம் ஒன்று அங்கே பதுக்கப்பட்டிருக்கின்றது என்பது குற்றச்சாட்டு. நாட்கணக்கில் தேடியும் அவ்வாவணம் கிடைக்கவில்லை. சோதனைக்கு ஊக்கம் காட்டிய உள்நாட்டு அமைச்சர் ஜாய்ன்சன்-ஹிக்ஸும் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினும் இக்கட்டில் சிக்கினர். சோவியத் நாட்டோடு தூதரக உறவை முறித்துக்கொள்ள அமைச்சரவை முடிவு செய்தது. முறிப்பதற்குச் சான்று வேண்டுமே!

சான்று இருந்தது, ஆனால் வெளியே காட்டலாகாத இடத்தில் இருந்தது. 1919இல் அரசுச் சங்கேத மொழிப் பள்ளி என்னும் அடக்கமான பெயரோடு ஓர் அலுவலகம் அமைக்கப்பட்டிருந்தது. அதன் தலைவர் அலஸ்டர் டெனிஸ்டன். அங்கே ரஷியாவிலிருந்து வெளியேறி வந்த எர்ன்ஸ்ட் ஃபெட்டர்லைன் என்னும் அறிஞர் இருந்தார். முன்பு ஜார் மன்னரின் அரசில் பிறநாட்டுச் சங்கேதங்களை உடைத்தவர் அவர். இப்பொழுது சோவியத் தந்திகளை உடைத்துப் படித்துத் தந்துகொண்டிருந்தார். எண்களின் குவியலிலிருந்து எந்த எண் எச்சொல்லைக் குறிக்கும் என்று இரவுபகலாக உழைத்துக் கண்டறியும் பணி அது. சுவடியில் செல்லரித்த இடத்தில் என்ன எழுத்து இருந்திருக்கும் என்று உய்த்துணரும் பதிப்பாசிரியரின் பணிக்கு இது மிக நெருங்கியது என்று சொன்னால், இங்குள்ள சுவடியியல் மாணவர்கள் மறுக்கமாட்டார்கள்.

மே 24ஆம் நாள் பிரதமர் பால்ட்வின் காமன்ஸ் சபையில் எழுந்து நின்று, சோவியத்தின் நான்கு தந்திகளின் வாசகத்தைப் படித்துக் காட்டினார். அவை அரசின் கைக்கு வந்து சேர்ந்தவை என்ற அளவில் நிறுத்திக்கொண்டார். எவ்வாறு வந்தன என்று எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் வினவத் தொடங்கினார். அவையில் எழுந்த கூச்சலில் அவ்வினா முற்றுப்பெறவில்லை. இரண்டு நாட்கள் கழித்து நடந்த விவாதத்தில் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டின் சேம்பர்லினும் உள்நாட்டு அமைச்சரும் மேலும் தந்திகளிலிருந்து எடுத்துரைத்தனர். அரசின் வெள்ளை அறிக்கையில் தந்திகள் அச்சும் ஏறின. அவையில் அரசு வென்றது. தூதரக உறவு முறிந்தது.

லண்டன் அவையில் முடியாமற்போன அவ்வினாவை மாஸ்கோ முடித்துக்கொண்டது. நம் தந்தியின் வாசகம் சொல்லுக்குச் சொல் அவர்கள் கையில் இருக்கின்றது எனில், நம் சங்கேதம் உடைந்துவிட்டது என்று பொருள். அதன்பின் சோவியத் தூதரகங்கள் புதிய முறைக்கு மாறின. அனுப்புவோரிடமும் பெறுவோரிடமும் மட்டும் ஒழுங்கற்ற எண்கள் நிறைந்த தாள் ஒன்று இருக்கும். ஒரு செய்திக்கு ஒரு தாள். பயன்படுத்தியதும் அத்தாளை அழித்துவிட வேண்டும். இம்முறையைப் பிழையின்றிக் கையாண்டால் எத்துணை அறிவாளியாலும் உடைக்க முடியாது. இது பின்னர்க் கணிதத்தாலும் நிறுவப்பட்டது. விளைவாக, அன்று முதல் இரண்டாம் உலகப்போர்க் காலம் வரை சோவியத் அரசின் உயர்நிலைத் தூதரகத் தந்திகள் ஏறத்தாழ ஒன்றுமே லண்டனுக்குப் படிக்கக் கிடைக்கவில்லை.

இது முதல் முறையும் அன்று. 1920இல் லாயிட் ஜார்ஜ் அரசு சோவியத் தந்திகளை நாளேடுகளுக்கு அளித்தது. 1923இல் கர்சன் தம் எச்சரிக்கை மடலிலேயே அவற்றை எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு முறையும் அன்றைய வாதத்தில் வெல்வதே தலைவர்களுக்குப் பெரிதாகப்பட்டது. 1939 ஆகஸ்டு 23ஆம் நாள் சோவியத்தும் ஹிட்லரின் ஜெர்மனியும் உடன்படிக்கை செய்துகொண்டன. மாஸ்கோவின் உள்ளக்கிடக்கையை அறிய ஒவ்வொரு நாடும் தவித்த அக்கோடையில், பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு விவாதத்திற்காகச் செலவிட்டுவிட்ட கண் லண்டனிடம் இல்லை.

வாஷிங்டன், 2017

இனி நம் காலத்திற்கு வருவோம். 2017ஆம் ஆண்டு மே 10ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டொனால்ட் டிரம்ப், வெள்ளை மாளிகையில் தம் அலுவல் அறையில் ரஷிய வெளியுறவு அமைச்சர் செர்கெய் லாவ்ரோவையும் தூதர் செர்கெய் கிஸ்லியாக்கையும் வரவேற்றார். அமெரிக்கப் பத்திரிகையாளர்களுக்கு அச்சந்திப்பில் இடமில்லை. ரஷியத் தரப்பின் புகைப்படங்கள் வாயிலாகவே உலகம் அதனைக் கண்டது. மே 15ஆம் நாள் வாஷிங்டன் போஸ்ட் நாளேடு ஒரு செய்தி வெளியிட்டது. ஐ.எஸ். இயக்கத்தினர் மடிக்கணினியில் வெடிபொருள் வைத்து விமானத்தைத் தகர்க்கத் தீட்டிய சதியைப் பற்றிய மிக மந்தணமான தகவலைத் தலைவர் அச்சந்திப்பில் எடுத்துரைத்தார். அத்தகவல் நட்புநாடு ஒன்று நம்பிக்கையின்பேரில் தந்தது. அதனை மூன்றாம் நாட்டினர்க்குத் தர அந்நாட்டின் இசைவு பெறவில்லை என்பது அச்செய்தி. அந்த நட்புநாடு இஸ்ரேல் என்று மறுநாள் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

சதியின் பொதுச் செய்தி முன்னரே உலகறிந்ததுதானே என்று கேட்கலாம். உண்மையே. அவ்வாண்டு மார்ச்சு மாதத்திலேயே எட்டு நாடுகளின் பத்து விமான நிலையங்களிலிருந்து அமெரிக்கா வரும் விமானங்களில் மடிக்கணினியைக் கையோடு கொண்டுவரத் தடை விதித்திருந்தனர். ஆகவே இறைத்த நீர் வெளியே வந்துவிட்ட ஒன்றுதான். ஆனால் தலைவர் கூறியவற்றுள், அத்தகவல் அறியப்பட்ட நகரின் பெயரும் இருந்தது என்பதே வாஷிங்டன் போஸ்ட் சுட்டிய கருத்து. ஊர் தெரிந்தால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் வீடு தெரியும். ஊற்றுக்கண்ணுக்கு வழி காட்ட அது போதும். அதிகாரிகள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அந்நகரின் பெயரை அந்நாளேடு அச்சிடவில்லை. செய்தியை வெளியிடுவதையே தொழிலாகக் கொண்ட நாளேடு காத்த சொல்லை, காப்பதையே கடமையாகக் கொண்ட தலைவர் காக்கவில்லை. இம்முரணைக் காட்டிலும் பெரிய அங்கதம் வேறொன்று வேண்டுவதில்லை.

அரசுத் தரப்பின் விடையையும் கூறிவிடுதல் முறை. தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மக்மாஸ்டர், தகவல் கிடைத்த வழியோ முறையோ அச்சந்திப்பில் பேசப்படவில்லை, தலைவர் செய்தது முற்றிலும் பொருத்தமே என்று கூறினார். அதனோடு நில்லாமல், அத்தகவல் எங்கிருந்து வந்தது என்பதே தலைவர்க்குத் தெரியாது என்றும் கூறினார். காப்புரையாகச் சொல்லப்பட்ட அவ்வாசகத்தைச் சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். எங்கிருந்து வந்தது என்று அறியாதவர்க்கு எதைக் காக்க வேண்டும் என்பது எவ்வாறு தெரியும்? வள்ளுவர் காட்டும் அரசன், ஒற்றனை அறிந்து, மகிழ்ந்து, பரிசு தந்து பிழை செய்தவன். இவரோ ஒற்றன் இருக்கின்றான் என்பதையே எண்ணிப் பாராமல் பிழை செய்தார்.

இதற்கொரு பின்னிகழ்ச்சியும் உண்டு. அம்மாதம் 22ஆம் நாள் எருசலேமில் இஸ்ரேல் பிரதமர் நெதன்யாகுவின் அருகில் நின்றுகொண்டு, அந்த உரையாடலில் இஸ்ரேல் என்னும் பெயரை ஒருபோதும் உச்சரிக்கவில்லை என்று தலைவர் தாமாகவே கூறினார். அதுவரை அவர் அரசு அந்நாட்டின் பெயரை உறுதிப்படுத்தவில்லை. உரைத்திலேன் என்ற மறுப்பே உரைத்ததாயிற்று. குறிப்பால் பொருளுணர்த்துதல் எவ்வாறு என்று வகுப்பறையில் இறைச்சியும் உள்ளுறையும் நடத்துகின்றோம்; சொல்லாத சொல் சொல்லிய சொல்லினும் உரக்கக் கேட்கும் என்பதற்கு அரசியல் தந்த எடுத்துக்காட்டு இது.

இரண்டாண்டுகள் கழித்து இன்னுமொரு நிகழ்ச்சி. 2019 ஆகஸ்டு 30ஆம் நாள், ஈரானின் செம்னான் ஏவுதளத்தில் ராக்கெட் ஒன்று வெடித்துச் சிதறிய படத்தை அவர் தம் ட்விட்டர் பக்கத்தில் வெளியிட்டார். படத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன, வாகனங்கள் தெரிந்தன. வானில் செல்லும் செயற்கைக்கோள்களைப் பொழுதுபோக்காகக் கண்காணிக்கும் ஆர்வலர்கள் சிலர், நிழல்களின் சாய்வையும் பார்வைக் கோணத்தையும் கணக்கிட்டு, அப்படத்தை எடுத்தது யு.எஸ்.ஏ. 224 என்னும் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் என்று விரைவிலேயே உரைத்துவிட்டனர். அதன் கண் எத்துணைக் கூர்மையானது என்பது அன்றுவரை மறையாக இருந்தது. வெடித்த ராக்கெட்டு ஈரானுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரியாதிருந்தது கண்ணின் கூர்மை ஒன்றே. எதிரியை எள்ளி நகையாடும் ஓர் இன்பத்திற்காக அக்கூர்மையை அவனுக்கே அறிவித்தாயிற்று. மூலப்படத்தின் மந்தணநிலையை உரிய துறை நீக்கியது 2022 நவம்பரில்தான்.

உரிமையும் தகவும்

இவ்விரு முறையும் அவர் தந்த விடை ஒன்றே: அவ்வாறு செய்ய எனக்கு முழு உரிமை உண்டு. சட்டப்படி அது பெரும்பாலும் சரியே. அமெரிக்காவில் எது மந்தணம் என்று வகைப்படுத்தும் அதிகாரம் குடியரசுத் தலைவரிடமிருந்தே பிறக்கின்றது. அவர் வெளியிட்டால் அது குற்றமாகாது. பால்ட்வினும் சட்டம் எதனையும் மீறவில்லை. சட்டம் இங்கே வாய்மூடி நிற்கின்றது. வள்ளுவர் பேசுவதும் சட்டத்தையன்று. 'செய்யலாமா' என்னும் வினா உரிமையைப் பற்றியது; 'செய்யத்தகுமா' என்னும் வினா தகவைப் பற்றியது. தண்டிக்க ஆளில்லாத இடத்தில்தான் தகவு தேவைப்படுகின்றது.

அதே 2017இல், சந்திப்பு நடந்து ஒரு திங்கள் நிறைவதற்குள், ரியாலிட்டி வின்னர் என்னும் 25 அகவைப் பெண் கைது செய்யப்பட்டார். பஷ்தூ, பாரசீகம், தாரி ஆகிய மொழிகள் கற்ற மொழிபெயர்ப்பாளர் அவர். ரஷியா அமெரிக்கத் தேர்தல் அமைப்புகளுக்குள் ஊடுருவ முயன்றதைப் பற்றிய மந்தண அறிக்கை ஒன்றைச் செய்தி நிறுவனத்திற்கு அஞ்சலில் அனுப்பினார் என்பது குற்றம். அதனை ஒப்புக்கொண்டார். 2018 ஆகஸ்டில் 63 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவர் செய்தது சரியா என்பதை நான் இங்கே வாதிடவில்லை. அடிநிலையில் இருப்பவர்க்கு ஒரு தாளுக்கு ஐந்தாண்டிற்கு மேல் சிறை. உச்சியில் இருப்பவர்க்கு ஒரு சந்திப்புப் பேச்சு 'உரிமை'. இந்த இடைவெளியை அறநூல் கற்றவர் கண்டும் காணாததுபோல் இருத்தல் இயலாது. அதிகாரம் மிகுந்தோறும் பொறுப்பு மிகுதல் வேண்டும் என்பது நம் நூல்களின் முடிபு. இங்கே அது தலைகீழாக நிற்கின்றது.

இது ஒரு கட்சிக்கே உரிய நோயும் அன்று. 2022 ஆகஸ்டு 8ஆம் நாள் டிரம்ப்பின் மார்-அ-லாகோ இல்லத்தில் சோதனை நடந்தது. மந்தணத் தாள்கள் இருந்த பெட்டிகள் நடன அரங்கிலும் குளியலறையிலும்கூட வைக்கப்பட்டிருந்தன என்று 2023 ஜூனில் குற்றப்பத்திரிகை கூறியது. அவர் அதனை மறுத்தார். 2024 ஜூலையில், வழக்குத் தொடுத்த சிறப்பு வழக்கறிஞரின் நியமனமே செல்லாது என்று கூறி நீதிபதி வழக்கைத் தள்ளினார். அவ்வாண்டுத் தேர்தலுக்குப் பின் டிரம்ப்பின் மீதான மேல்முறையீடும் கைவிடப்பட்டது. அவருக்குப் பின் தலைமையேற்ற ஜோ பைடனின் வீட்டு வண்டிக்கொட்டகையிலும் பழைய மந்தணத் தாள்கள் கிடைத்தன. 2024 பிப்ரவரியில் வெளிவந்த விசாரணை அறிக்கை அவர்மேல் வழக்கு வேண்டியதில்லை என்று முடித்தது. இரண்டும் ஒரே தன்மையன அல்ல. பைடன் தரப்பு தாமே தெரிவித்துத் தாள்களை ஒப்படைத்தது. ஆயினும் பதவி நீங்கியபின் திருப்பித் தர வேண்டியவற்றைத் தம் வீட்டுப் பொருளோடு கலந்துவிடும் மனநிலை இருபுறமும் உண்டு என்பதை மறுத்தற்கில்லை.

ஓர் எதிர்வினா

இந்த இடத்தில் கவிஞர்கள் என்னை ஒரு கேள்வி கேட்கக்கூடும். 'மறைத்து வைப்பதைத் திறந்துகாட்டுவதுதானே எங்கள் தொழில்? ஆட்சியாளர் மறைத்து வைக்கும் ஒவ்வொன்றும் குடிமக்களுக்கு எதிரானதாக இருக்கலாமே. மறையைக் காப்பவர்க்கு நீங்கள் துணை நிற்கலாமா?' நியாயமான கேள்வி.

இதற்கு நம் காப்பியத்திலேயே ஒரு விடை உண்டு. சிலப்பதிகாரத்து வஞ்சிக்காண்டத்தில், வடநாட்டு மன்னர்க்குச் செங்குட்டுவன் திருமுகம் விடுக்க வேண்டும் என்று வில்லவன் கோதை கூறுகின்றான். அழும்பில்வேள் மறுமொழி கூறுகின்றான். பிற மன்னர்களின் ஒற்றர்கள் நம் வஞ்சியின் வாயிலை விட்டு நீங்காதவர்கள்; நகரில் பறையறைந்தால் போதும், செய்தியை அவர்களே கொண்டு சேர்ப்பார்கள் என்பது அவன் சொல். இங்கும் படையெடுப்புச் செய்தி வெளிப்படுகின்றது. ஆனால் அவையில் எண்ணி, யார் கேட்பார், கேட்டால் என்ன விளையும் என்று தேர்ந்து வெளியிடப்படுகின்றது. 1962 அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் வான்படங்களை அமெரிக்கத் தூதர் அட்லாய் ஸ்டீவன்சன் ஐக்கிய நாடுகள் மன்றத்தில் உலகறியக் காட்டியதும் இவ்வகையினதே. அவ்வகை வேவு விமானம் ஒன்றை 1960இலேயே சோவியத் வீழ்த்தியிருந்ததால், அந்தக் கண் ஒன்று உண்டு என்பது எதிரி அறிந்ததே. தேர்ந்து திறத்தல் வேறு. வாய்தவறிச் சிந்துதல் வேறு.

குடிமக்களின் நலத்திற்காக மறையை உடைத்தவரும் உளர். 1971இல் டேனியல் எல்ஸ்பெர்க், வியட்நாம் போரைப் பற்றிய ஏறத்தாழ 7000 பக்க மந்தண ஆவணத்தை நாளேடுகளுக்கு அளித்தார். அரசு தொடர்ந்து மக்களிடம் பொய் கூறி வந்ததை அது காட்டியது. அவர் அதனால் பெற்றது புகழ்மாலையன்று, குற்றவழக்கு. வாழ்நாள் முழுதும் சிறையில் கழிய நேரும் என்று அறிந்தே செய்தார். அவ்வழக்கு 1973இல் தள்ளுபடியானது. இவர்க்கும் நாம் பேசிய தலைவர்க்கும் வேறுபாடு ஒரு கேள்வியில் விளங்கும்: வெளிப்படுத்தியதன் விலையைத் தந்தவர் யார்? எல்ஸ்பெர்க் தம் வாழ்வையே பணயம் வைத்தார். தலைவர் பணயம் வைத்ததோ தாம் முகம் அறியாத, பெயர் அறியாத மற்றொருவரின் உழைப்பையும், சிலவேளை உயிரையும். முன்னதைத் துணிவு என்போம். பின்னதற்கு அப்பெயர் பொருந்தாது.

கற்றுக்கொண்டவர் ஒருவர்

திருந்தியவர் ஒருவரைச் சொல்லாமல் முடித்தல் முறையாகாது. முதல் உலகப்போரில் மாக்டெபர்க் என்னும் ஜெர்மன் கப்பலிலிருந்து கிடைத்த சங்கேத நூலின் துணையால் பிரிட்டன் ஜெர்மன் கடற்படையின் செய்திகளைப் படித்தது. வின்ஸ்டன் சர்ச்சில் அப்போரைப் பற்றி எழுதிய வரலாற்று நூலில், 1923இல், அக்கதையைச் சுவைபடச் சொல்லிவிட்டார். ஜெர்மனியும் அதனைப் படித்தது. 1926இல் அந்நாட்டுக் கடற்படை எனிக்மா என்னும் சங்கேதப் பொறியைக் கைக்கொண்டது. நல்ல உரைநடை ஒரு நாட்டுக்கு இத்துணைச் செலவு வைத்ததை எழுத்தாளர்களாகிய நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

அவரே 1940இல் பிரதமரானபொழுது வேறொருவராக நடந்துகொண்டார். பிளெட்ச்லி பூங்காவில் எனிக்மாச் செய்திகளை உடைத்துத் தந்தவர்களின் பணியைச் சிலர் மட்டுமே அறியச் செய்தார். 1941 ஏப்ரலில் ஜெர்மன் படைகளின் நகர்வைப் பற்றி ஸ்டாலினை எச்சரித்தபொழுதுகூட, நம்பத்தகுந்த முகவர் ஒருவர் தந்த செய்தி என்று வேறு வழி கூறியே எழுதினார். மத்தியதரைக் கடலில் எதிரியின் கப்பலைத் தாக்குமுன், வேவு விமானம் ஒன்றை அக்கப்பலின் கண்ணில் படுமாறு அனுப்புவார்கள். விமானம் கண்டதால்தான் அகப்பட்டோம் என்று எதிரி எண்ணிக்கொள்வான். செய்தியைப் பயன்படுத்தவும் வேண்டும், ஊற்றுக்கண்ணை மூடிவைக்கவும் வேண்டும் என்னும் இரட்டைக் கடமையை அவர்கள் இவ்வாறு ஆற்றினார்கள்.

போர் முடியும் காலத்தில் அங்கே ஏறத்தாழ 9000 பேர் பணியாற்றினர். அவர்களுள் முக்கால் பங்கினர் பெண்கள். 1974இல் ஒரு நூல் வெளிவந்து அம்மறை பரவலாகத் தெரியும் வரை, அவர்கள் பெற்றோரிடத்தும் கணவரிடத்தும் பிள்ளைகளிடத்தும் தாம் செய்த பணியைச் சொல்லவில்லை. பெண்ணிடம் மறை நில்லாது என்று பழங்கதை பேசுவோர் உலகெங்கும் உளர். முப்பதாண்டுகள் வாய் திறவாதிருந்தவர்கள் இப்பெண்கள்; ஒரு மாலைப்பொழுதுகூடக் காக்க இயலாதிருந்தவர்கள் அவையேறிய ஆடவர்கள். வரலாறு தந்த இச்சான்றை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

நிறைவாக

அன்புடையீர், நாம் நம் தலைவர்களை அவர்கள் பேச்சைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். சொல்வன்மை ஒரு சிறப்பே. வள்ளுவரும் அதற்கோர் அதிகாரம் வகுத்தார். ஆனால் ஒற்றாடலை எழுதிய அவர், ஆள்பவன் அறிந்தும் சொல்லாதிருக்க வேண்டியவை உண்டு என்பதையும் உடன் வைத்தார். வாக்களிக்கும் நாம் இரண்டையும் கேட்க வேண்டும். இவர் நன்றாகப் பேசுகின்றாரா என்பதோடு, பிறர் உயிரை நம்பி ஒரு சொல்லை இவரிடம் விட்டுவைக்கலாமா என்பதையும் கேட்க வேண்டும். முதல் வினாவுக்கு மேடை விடை தரும். இரண்டாம் வினாவுக்கு விடை, கெட்டபின்னரே பெரும்பாலும் தெரியவருகின்றது; ஆகவே அதனை முன்னரே கேட்டுப் பழகுதல் நன்று.

வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். போர் வீரர்க்கு நடுகல் பாடிய மொழி நம்முடையது. நடுகல் இல்லாதவர், பெயர் எழுதப்படாதவர், எண்ணிக்கையில் வாராத ஒற்றாகவே நின்று மறைந்தவர் பலர். பதினோராம் ஆண்டில் நடக்கும் கவியரங்குகளுள் ஒன்றை அவர்களுக்கென ஒதுக்குங்கள். பெயர் கூறாமல் பாடுவது எப்படி என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

பத்தாண்டு நிறைவு கண்ட இவ்வட்டம் மேலும் பல்லாண்டு வளர்க.